உயர்ந்தது பெக்கா, இறங்கியது பெஞ்ச் மார்க்கா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள திருப்பாலைக்குடி. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, வெளிமாநிலத்தில் ஒரு லாங்வால் நிலக்கரிச் சுரங்கத்துக்கு மேலே நிலம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் சர்வேயராக இருக்கிறேன். சுரங்கத்தின் ஆழம் சுமார் 300 மீட்டர், பேனலின் (ஒரே வீச்சில் கரி எடுக்கும் பகுதி) அகலம் 200 மீட்டர், எடுக்கும் கரியின் உயரம் 3 மீட்டர். பேனலுக்குக் குறுக்கே வரிசையாகப் பெக் (அளவு முளை) அடித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை லெவல் எடுக்கிறோம், அதாவது உயரம் அளக்கிறோம். நடுவில் இதுவரை 0.9 மீட்டர் இறங்கியிருக்கிறது. "1.8 மீட்டர் வந்திருக்க வேண்டும், உன் லெவல் தப்பு" என்கிறார் சீனியர். வரிசையின் தூரக் கோடியில் உள்ள ஏழு பெக்குகளும் போன தடவை 6 மி.மீ., இந்தத் தடவை 11 மி.மீ. உயர்ந்ததாக வருகிறது. "நிலம் எங்கேயாவது மேலே ஏறுமா? பூஜ்யம் என்று எழுது" என்கிறார். எழுதட்டுமா? இனி எல்லாவற்றையும் சாட்டிலைட் பார்த்துக்கொள்ளும், இந்த வேலைக்கு எதிர்காலம் இல்லை என்றும் சொல்கிறார்கள். லீவில் ஊருக்கு வந்தால் இங்கே வேறு கதை. கேஸ் கிணறு போட்டதால் நம் பக்கமும் நிலம் உள்வாங்குகிறது, வீட்டுச் சுவர் விரிசலைப் பார் என்கிறார் அப்பா. வரைபடம் ஒன்று இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, பூஜ்யம் என்று எழுதாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 1.8 மீட்டர் கணக்கை முடித்துவிடுவோம், அது சுலபம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக நாலு வரி. பழைய முறைச் சுரங்கங்களில் கரியையே தூண் தூணாக விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுப்பார்கள். லாங்வாலில் அப்படி இல்லை. 150 முதல் 300 மீட்டர், சில நாடுகளில் அதற்கும் மேல் அகலமான ஒரே முகப்பில் ஷியரர் என்ற இயந்திரம் போய்ப் போய் வந்து கரியைச் சீவும். தலைக்கு மேல் கூரையை ஹைட்ராலிக் சப்போர்ட்டுகள் தாங்கும். ஒரு சீவல் முடிந்ததும் சப்போர்ட்டுகள் ஓர் அடி எடுத்து முன்னே வைக்கும். பின்னால் விட்ட இடத்தில் கூரை விழும். விழ வேண்டும் என்பதுதான் திட்டமே. அந்த விழுந்த பகுதிக்கு கோஃப் என்று பெயர். விழுந்த பாறைக்கு மேலே உள்ள அடுக்குகள் வளைந்து, கடைசியில் தரையும் ஒரு தொட்டி போலக் குழியும். நம் நாட்டில் ஜார்கண்டின் மூனிடியில் 1978இல் இயந்திர லாங்வால் வந்தது. தெலங்கானாவின் அட்ரியாலா 2014இல் தொடங்கியது.

விழுந்த பாறை நொறுங்கிப் பொங்கி அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கீழே எடுத்த 3 மீட்டரும் மேலே 3 மீட்டராக வராது. உங்கள் சீனியர் 60 சதவீதம் என்று போட்டு 1.8 சொல்கிறார். அந்த 60 சதவீதம் ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் புழங்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது. பிரிட்டனில் அது 90 சதவீதம் வரைகூடப் போனது. பாறைக்குப் பாறை மாறும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: ஆழத்தோடு ஒப்பிட்டால் பேனல் போதிய அகலமாக இருந்தால்தான் அந்த உச்ச அளவே வரும். பிரிட்டிஷ் கணக்கில் ஆழத்தைப் போல 1.4 மடங்கு அகலம் வேண்டும். உங்கள் 300 மீட்டர் ஆழத்துக்கு 420 மீட்டர். உங்கள் பேனல் 200 மீட்டர்தான், பாதிகூட இல்லை. நடுவில் உள்ள கனத்த மணற்பாறை இரண்டு பக்கத்துத் திடமான கரியின் மேல் கை ஊன்றிக்கொண்டு பாரத்தை ஓரளவு தாங்குகிறது. ஆகவே 0.9 மீட்டரில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த பேனலையும் எடுக்கும்போது, இரண்டுக்கும் நடுவில் விட்ட தூண் வரிசை நசுங்கி, இந்தப் பழைய பேனலின் மேலும் இன்னும் கொஞ்சம் இறங்கும். "லெவல் தப்பு" என்று சொல்லும் முன் அகலத்தை ஆழத்தால் வகுத்துப் பார்த்திருக்கலாம்.

சரி, இப்போது அந்த ஏழு பெக்.

முதலில் உங்களுக்கு எதிராகவே வாதாடிப் பார்க்கிறேன். உங்கள் லெவல் சுற்று 2 கி.மீ. டிப்ளமோவில் படித்த 12√K சூத்திரத்தைப் போட்டால் (K என்பது கிலோமீட்டரில் தூரம்), அனுமதிக்கும் பிழை ஏறத்தாழ 17 மி.மீ. உங்கள் 11 மி.மீ. அதற்குள் அடக்கம். யாராவது "இது பிழைக்குள் வருகிறது, விடு" என்றால் மேலோட்டமாக அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் தற்செயல் பிழைக்கு ஒரு குணம் உண்டு. அது ஒரு பெக்கை ஏற்றும், இன்னொன்றை இறக்கும். போன தடவை ஏற்றியதை இந்தத் தடவை இறக்கும். உங்களுடையது அப்படி இல்லை. ஏழும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டு தடவையும் அதே திசையில், அதுவும் கூடிக்கொண்டே போகிறது. இது கை நடுக்கம் இல்லை, ஏதோ ஒன்று உண்மையாகவே நகர்கிறது.

ஏழு பெக் ஒன்றாகச் சேர்ந்து ஏறுவது கடினம். ஒரே ஒரு பெஞ்ச் மார்க், அதாவது அசையாதது என்று நம்பி எல்லா உயரத்தையும் அளக்கத் தொடங்கும் அந்தப் புள்ளி, இறங்குவது எளிது.

உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். பெஞ்ச் மார்க்கை ஓடைப் பாலத்தின் சுவரில் வைத்திருக்கிறீர்கள். திடமான கட்டுமானம், வண்டி நிறுத்த வசதி, நிழல்; ஏன் அங்கே வைத்தார்கள் என்று புரிகிறது. ஆனால் அது பேனலின் ஓரத்திலிருந்து 110 மீட்டரில் இருக்கிறது. நிலத்தாழ்வு பேனலின் விளிம்போடு நிற்பதில்லை, செங்குத்திலிருந்து ஒரு கோணத்தில் வெளியே பரவும். ஆஸ்திரேலியாவில் 20 மி.மீ. தாழ்வை எல்லையாக வைத்து 26.5 பாகை என்று எடுத்துக்கொள்வார்கள், அதாவது ஆழத்தில் பாதி: உங்களுக்கு 150 மீட்டர். பிரிட்டனின் 35 பாகையைப் போட்டால் 210 மீட்டர். எந்தக் கணக்கிலும் பாலம் உள்ளே. அந்த ஏழு பெக்கும் 260 மீட்டருக்கு அப்பால், எந்தக் கணக்கிலும் வெளியே. பாலம் மெல்ல இறங்க, அதையே அசையாத இடம் என்று நம்பி நீங்கள் அளக்க, உண்மையில் அசையாமல் நிற்பவை உயர்வது போலத் தெரிகின்றன. நடுவில் உள்ள பெக்குகளுக்கும் அதே 11 மி.மீ. குறைத்துத்தான் காட்டியிருக்கும், 900 மி.மீட்டரில் அது கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

"குளோசிங் (புறப்பட்ட புள்ளிக்கே திரும்பும்போது வரும் வித்தியாசம்) 4 மி.மீ.தான் வந்தது, அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்று கேட்கத் தோன்றும். பாலத்தில் புறப்பட்டுப் பாலத்திலேயே வந்து முடிக்கிறீர்கள். இரண்டு வாரத்தில் பாலம் 5 மி.மீ. இறங்கியிருந்தாலும் நீங்கள் நடந்துவரும் மூன்று மணி நேரத்தில் அது எங்கே போகப்போகிறது? குளோசிங் அழகாகத்தான் வரும். அந்த எண் உங்கள் கையின் சுத்தத்தைச் சொல்லும், பெஞ்ச் மார்க்கின் யோக்கியதையைச் சொல்லாது. நம் வேலையில் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வேறு காரணம் இருக்க முடியாதா என்றால், இருக்கலாம். கரிசல் மண்ணாக இருந்து நடுவில் மழையும் பெய்திருந்தால் மண் ஊதி, ஆழமில்லாமல் நட்ட பெக்கைத் தூக்கும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தில் கரிசலில் கட்டிய திண்ணைகளின் கதை உங்களுக்குத் தெரியுமே. ஆனால் கரிசல் ஏழு பெக்கையும் ஒரே அளவாகத் தூக்காது. லெவல் கருவியின் கோலிமேஷன் கெட்டு, அதாவது பார்வைக் கோடு கிடைமட்டத்திலிருந்து சாய்ந்து, பின்னால் பார்க்கும் பின்பார்வையும் முன்னால் பார்க்கும் முன்பார்வையும் சம தூரத்தில் இல்லாமல் எடுத்திருந்தாலும் ஒரே திசையில் பிழை சேரும். ஆனால் அது பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மடங்காவதற்குக் காரணம் வேண்டும். லீவில் இருக்கும்போதே ஒரு லெவல் கருவி இரவல் கிடைத்தால், இந்தக் கோலிமேஷனைச் சரிபார்க்கும் டூ பெக் டெஸ்ட்டை நாலு தடவை செய்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். அங்கே போனதும் உங்கள் கருவியில் அதைச் செய்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

இதைத் தீர்க்க வழி: சுரங்கத்திலிருந்து குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி, அடுத்தடுத்து எடுக்கப்போகும் பேனல்களின் வரைபடத்தையும் பார்த்து, அவற்றுக்கும் வெளியே, மூன்று பெஞ்ச் மார்க் நடச் சொல்லுங்கள். ஏன் மூன்று? ஒன்றே ஒன்று இருந்து அது நகர்ந்தால் தெரியவே தெரியாது. இரண்டு இருந்தால் ஏதோ ஒன்று நகர்ந்தது என்று தெரியும், எது என்று தெரியாது. மூன்று இருந்தால்தான் மற்ற இரண்டும் சேர்ந்து மூன்றாவதைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் இந்த மூன்றுக்குள் உள்ள உயர வித்தியாசத்தை முதலில் சரிபார்த்துவிட்டு, அப்புறம்தான் பெக் வரிசைக்குப் போக வேண்டும். நேரம் கூடும். கூடட்டும்.

கடற்கரைக்காரர் உங்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. வடகடலின் தண்ணீரும் தென்கடலின் தண்ணீரும் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதை அப்பா தினமும் பார்த்தவர். அசையும் அந்தக் கடலிலிருந்துதான் நாட்டின் உயரக் கணக்கே எடுக்கப்பட்டது. நாகப்பட்டினம், சென்னை உட்பட ஒன்பது துறைமுகங்களில் ஆண்டுக்கணக்கில் ஓதம் அளந்து சராசரி எடுத்து, 1909இல் இந்தியாவின் லெவல் வலையைக் கட்டினார்கள். ஒரு நாள் மட்டத்தையோ ஒரே ஒரு துறைமுகத்தையோ நம்பி அவர்கள் உட்காரவில்லை.

இப்போது பூஜ்யம் எழுதும் விஷயம். ஃபீல்ட் புக்கில் எடுத்த ரீடிங் எடுத்தபடியே இருக்க வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, முதலெழுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை, வேலைக்கு அதுதான் லாபம். பாலம் இறங்கியது உறுதியானதும், பழைய ரீடிங் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு திருத்தப் பத்தி போட்டு மொத்தத்தையும் காப்பாற்றிவிடலாம். பூஜ்யம் எழுதியிருந்தால் திருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. அந்த ஏழு பெக்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி, அதன் வாயை அடைக்கச் சொல்கிறார்கள்.

சீனியரோடு வாக்குவாதம் வேண்டாம். ஒரே பக்கத்தில், வரைபடத்தோடு, "பெஞ்ச் மார்க் பாதிப்பு எல்லைக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து லெவல் கொண்டுவந்து சரிபார்க்க அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று சுரங்கத்தின் சட்டப்படியான சர்வேயருக்குப் போகட்டும். திட்டப்படங்களின் துல்லியத்துக்குச் சட்டத்தின் முன் பொறுப்பு அவருடையது, ஆகவே அவர் அலட்சியம் செய்ய மாட்டார். அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், குறிப்புப் பத்தியில் அவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

இந்த எண்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். ரயில்பாதை, கட்டடம் போன்றவற்றுக்கு அடியிலோ பக்கத்திலோ கரி எடுக்க அனுமதி கேட்கும்போது இந்த ரீடிங்தான் மேஜைக்குப் போகும். பக்கத்து ஊர்க்காரர் சுவர் விரிசலுக்கு இழப்பீடு கேட்டாலும் இதுதான். அவர் வீடு பேனலிலிருந்து 120 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள்: பொய்யான பெஞ்ச் மார்க்கின்படி அவர் வீடு அசையவே இல்லை. கட்டடத்தை உடைப்பது இறங்கிய ஆழம் அல்ல, ஓரங்களில் வரும் இழுவையும் சாய்வும். தொட்டியின் நடுவில் ஒரு மீட்டர் இறங்கிய வீடு ஓரளவு நேராக நிற்கலாம். விளிம்பில் பத்து செ.மீ. இறங்கிய வீடு பிளந்துவிடலாம். அதனால் லெவலோடு சேர்த்து பெக்குகளுக்கு நடுவில் உள்ள தூரத்தையும் அளக்கிறீர்களா என்று கவனியுங்கள். பெக் இடைவெளி ஆழத்தில் இருபதில் ஒரு பங்கு, உங்களுக்கு 15 மீட்டர், இருந்தால் நல்லது. இழுவைப் பகுதியில் தரையில் வரும் வெடிப்புகளை நடந்து பார்த்து, நீளம், அகலம், தேதி குறியுங்கள். மழைக்கு முன் களிமண் போட்டு அடைக்காவிட்டால் அதன் வழியே தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கும். காற்று உள்ளே போனால் கோஃபில் மிஞ்சிய கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். வடிகாலையும் பாருங்கள். கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு அரை மீட்டர் மட்டம் மாறினால் எந்த வயலுக்குத் தண்ணீர் ஏறாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாட்டிலைட் வந்து வேலையைப் பறிக்குமா? ஒரு பகுதியைப் பறிக்கும், பறிக்கட்டும். சென்டினல்-1 ரேடார் படங்கள் 2014இல் ஏவியதிலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு தேதிகளின் படங்களை ஒப்பிட்டு நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும் இன்சார் முறை அருமையானது. ஆனால் அதன் அலைநீளம் 5.6 செ.மீ.; ஒரு வண்ணப்பட்டை என்பது 2.8 செ.மீ. நகர்வு. முகப்பு கடந்துபோகும்போது பேனலின் நடுவில் சில வாரங்களில் அரை மீட்டர், ஒரு மீட்டர் இறங்குமே, அங்கே பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கணக்கே தொலைந்துபோகும். பருத்தி, நெல் என்று பயிர் வளர்ந்தாலும் கெடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளில் 24 செ.மீ. அலைநீள ரேடாரும் இருப்பதால் செடிகொடிகளையும் பெரிய நகர்வையும் அது கூடுதலாகச் சமாளிக்கும். இருந்தாலும் நடுப்பகுதிக்கு இப்போதைக்கு லெவலும் பெக்கும்தான். ஆர்டிகே ஜிபிஎஸ் (உடனுக்குடன் திருத்தம் வாங்கி அளக்கும் ஜிபிஎஸ்) வேகமானது, ஆனால் உயரத்தில் ஒன்றிரண்டு செ.மீ. ஆடும், உங்கள் 11 மி.மீ. சண்டையை அது தீர்த்து வைக்காது.

சாட்டிலைட் பிரமாதமாக உதவும் இடம் பேனலின் வெளி ஓரங்கள். மெதுவாக, மில்லிமீட்டர் கணக்கில் நகரும் நிலம். அதாவது உங்கள் பாலம் இருக்கும் இடம். அங்கேயும் மென்பொருள் முதலில் கேட்பது "அசையாத புள்ளி எது?" என்றுதான். அதைச் சரியாகக் காட்டத் தெரிந்தவருக்கு வேலை போகாது. இன்சார் படிக்கப் பழகுங்கள். அதோடு சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் நடத்தும் சர்வேயர் தகுதிச் சான்றிதழ்த் தேர்வுக்கும் தயாராகுங்கள். ஒப்பந்த நிறுவனத்தில் எத்தனை வருடம் ஸ்டாஃப் பிடித்தாலும் அந்தச் சான்றிதழுக்கு உள்ள மரியாதை தனி.

கடைசியாக அப்பாவின் கேள்வி. நிலக்கரியை எடுத்தால் அடியில் வெற்றிடம் வருகிறது, அது விழுகிறது. எரிவாயு அப்படி இல்லை. கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. வாயு வெளியே வந்தால் அழுத்தம் குறைந்து பாறை கொஞ்சம் நெருங்கும். அதனாலும் நிலம் இறங்கியது உண்டு: நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1963இல் தொடங்கி அறுபது வருடம் எடுத்ததில் நடுவே முப்பது செ.மீட்டருக்கு மேல் இறங்கியது, நிலநடுக்கங்களும் வந்து 2024இல் நிரந்தரமாக மூடினார்கள். அது உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று. அங்கேயும் இறக்கம் பல கிலோமீட்டருக்கு விரிந்த ஆழமில்லாத தாம்பாளம், ஒரு தெருவில் ஒரு வீட்டை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிளக்காது. நம் பக்கத்து வயல்கள் அதன் முன் சின்னவை. அதற்காக ஒன்றுமே ஆகாது என்று நான் சான்று தர மாட்டேன். கிணறு தோண்டும் முன்பே ஊரில் லெவல் எடுத்து வைத்து, பிறகு ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும் என்று கேட்பது ஊராரின் நியாயமான கோரிக்கை. கூட்டத்தில் "நிலம் உள்வாங்குகிறது" என்று கோஷம் போடுவதைவிட இந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்வது அதிகாரிகளுக்குக் கஷ்டம். மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டித் தீவும் விலங்குசல்லித் தீவும் மூழ்கியதைக்கூடச் சிலர் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். அங்கே சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள், காவல் போனதும் அலை தீவைத் தின்றது. அது வேறு கணக்கு.

வீட்டு விரிசலைப் பொறுத்தவரை, கடற்கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது உப்பை. விரிசல் தூண், பீம் ஓரமாக நேர்கோட்டில் ஓடி, துருக்கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி அரித்து ஊதுகிறது. கலவையில் கடல் மணல் கலந்திருந்தாலும் சரி, உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் சரி, இதுதான் நடக்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகச் சரிவாக இறங்கினால் அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் அமர்கிறது. செப்டிக் டேங்க் கசிவு, நிரப்பிய மண், பக்கத்தில் தோண்டிய பள்ளம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். விரிசலின் மேல் மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதியைச் சுவரிலேயே எழுதச் சொல்லுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடலாம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டி முழுசாக இருந்தால் பூசிவிட்டு வெள்ளையடிக்கலாம்.